மோட்டார் தள்ளுவண்டி வடிவமைப்பில் பிழை நீக்கம்: அறிகுறியிலிருந்து அனுமானத்துக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் போன்ற தோட்டப் பட்டணங்களில் பட்டறை வைத்து, செம்பனைத் தோட்டங்களுக்குக் கருவி செய்து கொடுப்பவர்களுக்கான வழிமுறை இது. பேச்சு சிதறாமல் இருக்க, எடுத்துக்காட்டுக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்வோம்: செம்பனைப் பழக்குலை ஏற்றும் மூன்று சக்கர மோட்டார் தள்ளுவண்டி. முன்னால் இஞ்சின் சுற்றும் இரண்டு இயங்கு சக்கரங்கள், பின்னால் திரும்பும் சக்கரம் ஒன்று, 5.5 குதிரைத்திறன் பெட்ரோல் இஞ்சின், வெறும் வண்டி 120 கிலோ, பாரம் 250 கிலோ.

மாதிரி வண்டி தோட்டத்தில் மக்கர் செய்தால் உடனே வெல்டிங் மிஷினை இழுக்காதீர்கள். இரும்பை அந்த அளவில் வெட்டச் சொன்னது ஓர் எண். அந்த எண் அளந்து வந்ததா, யாராவது சொல்லி வந்ததா, பழைய வண்டியைப் பார்த்து வந்ததா என்று முதலில் கேளுங்கள். அளக்காத எண் எல்லாமே அனுமானம்தான். அனுமானம் இல்லாமல் எதையும் வடிவமைக்க முடியாது; அது எழுதப்படாமல் கிடக்கும்போதுதான் ஆபத்து.

ஆகவே கையில் ஒரு நோட்டு வேண்டும். கணினி அட்டவணையாக இருந்தாலும் சரி, கடையில் வாங்கிய நீளக் கணக்குப் புத்தகமாக இருந்தாலும் சரி. ஓர் அனுமானத்துக்கு ஒரு வரி. ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது:

«அனுமானம் 7. குலையின் சராசரி எடை 18 கிலோ. ஆதாரம்: தோட்ட ஆபீஸ் கிராணியின் (எழுத்தரின்) குலைக் கணக்கு, ஆலை எடைமேடைச் சீட்டு. தவறானால் பாதிப்பது: தொட்டியின் கொள்ளளவு, சட்டத்தின் பலம். சோதிக்கும் வழி: ஒரே பிளாட்பாரத்தில் (வெட்டிய குலையைச் சேர்க்கும் மேடையில்) 50 குலையைத் தனித்தனியே நிறுத்தல். பொறுப்பு: பட்டறை மேற்பார்வையாளர். செல்லுபடி: மறுநடவு வரை.»

இந்த வரியிலேயே இரண்டு பொறி இருக்கிறது. எடைமேடைச் சீட்டில் உதிரிப்பழத்தின் எடையும் சேர்ந்திருக்கும். அதைக் குலை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கொஞ்சம் தூக்கலாக வரும். இன்னொன்று, சராசரி சட்டத்தை உடைப்பதில்லை. பெரிய குலைதான் உடைக்கும். முதிர்ந்த மரத்தில் 25 கிலோவைத் தாண்டும் குலையும் உண்டு, புதிதாகக் காய்ப்புக்கு வந்த மரத்தில் 5 கிலோகூடத் தேறாத குலையும் உண்டு. ஆகவே சராசரி, மிகச் சிறியது, மிகப் பெரியது என்று மூன்று எண்ணையும் எழுதுங்கள்.

«செல்லுபடி» என்ற கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செம்பனைக்கு மகரந்தம் காற்றில்தான் பரவுகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. மலேசியத் தோட்டங்களில் கையால் மகரந்தம் தூவ ஆள் வைத்து வேலை நடந்தது. 1981இல் கமரூனிலிருந்து மகரந்த வண்டு கொண்டுவந்து விடப்பட்ட பிறகு கைவேலை தேவையற்றுப் போனது, காய்ப்பிடிப்பு கூடியது, குலையின் எடையும் ஏறியது. அதற்கு முந்தைய குலை எடையை நம்பிச் செய்த எந்தக் கருவியும் அந்த ஆண்டோடு பழைய கணக்கில் நின்றுவிட்டது. இன்று சரியாக இருக்கிற எண்ணுக்கும் ஒரு காலாவதி உண்டு.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

பட்டறை முற்றத்தில் ஓடுகிறது, தோட்டத்தில் சேற்றில் நிற்கிறது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. உடனே «இஞ்சின் பத்தாது, 7 குதிரைத்திறன் போடு» என்பார்கள். காசு போகும், வண்டி அங்கேயே நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். வண்டியும் பாரமும் சேர்ந்து 370 கிலோ, அதாவது சுமார் 3,630 நியூட்டன். கெட்டித் தரையில் உருளும் எதிர்ப்பு எடையில் 5 விழுக்காடு என்றால், தேவைப்படும் தள்ளுவிசை 180 நியூட்டன்தான். ஈரக் களிமண்ணில் அந்த 5 விழுக்காடு 20 ஆகிறது. அதோடு 10 டிகிரி ஏற்றமும் சேர்ந்தால் தேவை சுமார் 1,345 நியூட்டன். முற்றத்தில் பார்த்ததைவிட ஏழு மடங்குக்கு மேல். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில், செயினிலும் கியர்பாக்ஸிலும் கால்பங்கு வீணானாலும், இதற்கு 1.4 கிலோவாட் போதும். 5.5 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 4 கிலோவாட். இஞ்சினில் பஞ்சம் இல்லை.

பஞ்சம் பிடிமானத்தில். மொத்த எடையில் 60 விழுக்காடு இயங்கு சக்கரங்களின் மேல் இருக்கிறது, சேற்றில் பிடிமானக் கெழு (டயர் மேல் விழும் எடையில் எத்தனை பங்கு தள்ளுவிசையாகும் என்ற எண்) 0.5 என்று வைத்தால், டயர் தரக்கூடிய தள்ளுவிசை சுமார் 1,070 நியூட்டன். தேவையோ 1,345. எவ்வளவு பெரிய இஞ்சின் வைத்தாலும் டயர் வழுக்கத்தான் செய்யும். தொட்டியை இயங்கு அச்சை நோக்கி நகர்த்தி அதன் மேல் 80 விழுக்காடு எடை விழும்படி செய்தால் 1,430 வருகிறது, மயிரிழையில் தப்பிக்கிறது. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும் என்பதால் இந்த மயிரிழையையும் நம்பிவிடக் கூடாது. டயரின் பட்டையை ஆழமாக்கி, காற்றைக் குறைத்து, பதியும் பரப்பைக் கூட்டுவது அடுத்த படி. மென்மையான டயரில் தரையழுத்தம் ஏறத்தாழ உள்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும்.

இங்கே 5, 20, 0.5 என்ற மூன்றும் அனுமானம். அவற்றில் முக்கியமானதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று, கயிறு ஒன்று. கியரை விடுவித்து, முழுப் பாரத்தோடு வண்டியைச் சமதரையான அறுவடைப் பாதையில் நடை வேகத்தில் இழுங்கள். தராசு 74 கிலோ காட்டினால், 370இல் அது 20 விழுக்காடு. மழை பெய்த மறுநாள் காலையில் ஒருமுறை, ஒரு வாரம் வெயில் காய்ந்த பிறகு ஒருமுறை. சுங்கை சிப்புட் மேட்டுச் செம்மண்ணில் எடுத்த எண்ணை தெலுக் இந்தான் பக்கத்துக் கரி மண்ணுக்கும் (மக்கிய தாவரங்களாலான பீட் மண்) கடலோரக் களிமண்ணுக்கும் கொண்டுபோகாதீர்கள். மண் மாறினால் அது வேறு வரி.

அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல்

தொட்டியின் தூண் சட்டத்தோடு சேரும் மூலையில் விரிசல். முட்டுத்தகடு வைத்தாயிற்று; இப்போது முட்டுத்தகட்டின் நுனியில் விரிசல். இன்னும் தடித்த தகடு வைத்தால் விரிசல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

மறுபடி பற்ற வைப்பதற்கு முன் உடைந்த முகத்தை நிதானமாகப் பாருங்கள். அங்கே பாதி விடை இருக்கிறது. முகம் வழவழப்பாக, கரையிலிருந்து அடுக்கடுக்கான வளைகோடுகளோடு, பழைய துரு படிந்து, கடைசியில் மட்டும் சொரசொரப்பாகப் பளபளத்தால் அது களைப்பு முறிவு. நாள்பட்ட ஆட்டம் கொன்றது. முகம் முழுக்கப் புதிதாக, சொரசொரப்பாக, பக்கத்து இரும்பு வளைந்தும் இருந்தால் ஒரே அடியில் போனது. அடுத்து, விரிசல் ஓடும் தடம். வெல்டின் நடுவே பிளந்திருந்தால் வெல்ட் சிறிது, அல்லது உள்ளே இறங்கவில்லை. வெல்ட் முடிந்து இரும்பு தொடங்கும் ஓரத்தை ஒட்டி ஓடினால் வெல்டர்மேல் பழி போடாதீர்கள். அங்கே ஏறி இறங்கும் விசை, நீங்கள் அனுமானித்ததைவிட அதிகம்.

எவ்வளவு அதிகம்? வெல்ட் இணைப்புகளில் ஆயுள், தகைவு வீச்சின் (இரும்பின் ஒரு பரப்பில் ஏறி இறங்கும் விசையின்) கனமடங்குக்கு ஏற்பக் குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. தகைவு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. 250 கிலோ என்று எழுதிய தொட்டியில் 350 கிலோ குவித்தால் அது 1.4 மடங்கு; ஆயுள் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். தொட்டியின் விளிம்புக்கு மேல் குலையை அடுக்க இடம் இருந்தால் அடுக்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் கூலி டன் கணக்கில். ஆகவே «பாரம் 250» என்பது உண்மையில் «ஆட்கள் 250இல் நிறுத்துவார்கள்» என்ற அனுமானம். அதைச் சரிசெய்ய இரண்டே வழி: சட்டத்தை 350க்குக் கணக்கிடுங்கள், அல்லது அதற்குமேல் கொள்ளாதபடி தொட்டியைச் சிறிதாக்குங்கள். எச்சரிக்கை எழுதி ஒட்டுவது மூன்றாவது வழி அல்ல.

வாங்கிய தகட்டையும் அளங்கள். 3 மி.மீ. என்று வாங்கியது காலிப்பரில் 2.7 காட்டினால், தகட்டின் வளைவு விறைப்பு 27 விழுக்காடு போய்விட்டது. விறைப்பும் தடிமனின் கனமடங்கோடுதான் மாறும்.

விரிசலுக்குப் பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்து இரும்பு செதிலாக உரிந்தால் வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வண்டியில் உரம் ஏற்றினார்களா? பொட்டாசியம் குளோரைடு, அதாவது தோட்டத்தில் போடும் சிவப்பு உரம், ஈரத்தோடு சேர்ந்தால் சாதா இரும்பை அரித்துவிடும். «குலை மட்டும்தான் ஏற்றுவார்கள்» என்பதை நோட்டில் யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். காலி வண்டி நிற்கும்போது உர மூட்டையைத் தலையில் சுமக்க யாருக்கும் மனம் வராது. தொட்டியின் அடியில் நீர் வடியும் துளை, மூலைகளில் இடைவெளி விடாத முழு வெல்ட், துத்தநாகப் பூச்சு என்ற மூன்றையும் அடுத்த சுற்றில் சேருங்கள்.

வெர்ஷன் எண் ஏறுகிறது, புகார் குறையவில்லை

ஏழாவது மாதிரி வந்துவிட்டது. எது எதைச் சரிசெய்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இது வடிவமைப்பின் நோய் இல்லை, சுற்றை நடத்தும் முறையின் நோய்.

ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன் ஓர் அட்டையில் நான்கு விஷயம் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த அனுமானத்தைச் சோதிக்கிறோம். எதை மாற்றுகிறோம். என்ன எண் வரும் என்று எதிர்பார்க்கிறோம். எந்த எண் வந்தால் இந்த யோசனையைக் கைவிடுகிறோம். மூன்றாவதும் நான்காவதும் சோதனைக்கு முன்பே எழுதப்பட வேண்டும். வண்டி ஓடிய பிறகு எழுதினால் வந்ததுதான் எதிர்பார்த்தது என்றாகிவிடும். எதிர்பார்த்த எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அந்தச் சுற்றின் சம்பாத்தியம். நோட்டில் ஒரு வரிகூட அடிக்கப்படாமலோ உறுதிப்படாமலோ முடிந்த சுற்றுக்குப் புது வெர்ஷன் எண் கொடுக்காதீர்கள்.

டயரையும் ஸ்பிராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) தொட்டி இடத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு «இப்போது நன்றாக இருக்கிறது» என்றால், எதனால் என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு விஷயம் ஒன்றையொன்று பாதிக்கும் என்ற சந்தேகம் இருந்தால், உதாரணமாக டயர் காற்றும் தொட்டி இடமும், நான்கு ஓட்டமாக முறையாகச் செய்யுங்கள்: பழையது இரண்டும், முதலாவது மட்டும் புதிது, இரண்டாவது மட்டும் புதிது, இரண்டும் புதிது. ஒரே பாதை, ஒரே ஓட்டுநர், ஒரே பாரம்.

இரும்பில் செய்ய வேண்டாததை இரும்பில் செய்யாதீர்கள். தொட்டியின் உயரமும் அகலமும் பிளைவுட்டில் தெரிந்துவிடும். எடைப் பகிர்வு மணல் மூட்டையிலும், சக்கரத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக வைக்கும் தராசிலும் தெரிந்துவிடும். எந்த வரியைச் சோதிப்பது என்பதில் குழப்பம் வந்தால், தவறானால் அதிக நட்டம் தரக்கூடியதும் நமக்குக் குறைவாகத் தெரிந்ததும் எதுவோ அதுவே முதலில். எளிதானதை முதலில் செய்யும் ஆசை எல்லாப் பட்டறையிலும் உண்டு. அதற்கு இடம் கொடுத்தால் பெரிய அனுமானம் கடைசி வாரம் வரை தொடப்படாமல் நிற்கும்.

வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் யாரும் எடுப்பதில்லை

ஸ்டோரில் வண்டி நிற்கிறது. ஆட்கள் பழைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு போகிறார்கள். «பழக்கம் விடவில்லை» என்று முடிவு கட்டுவது சோம்பல். காரணம் அநேகமாக அளக்கக்கூடியது.

முதலில் நேரம். ஒரு முழு வேலைநாள் கடிகாரத்தோடு உடன் நடங்கள்: மட்டை வெட்டுதல், குலை வெட்டுதல், காம்பு நறுக்குதல், ஏற்றுதல், நகர்த்துதல், பிளாட்பாரத்தில் இறக்குதல், உதிரிப்பழம் பொறுக்குதல். நூறு நிமிடத்தில் நகர்த்துவது பதினைந்துதான் என்றால், வேகத்தை இரட்டித்தும் மிச்சம் ஏழரை நிமிடம். தொட்டியின் விளிம்பு பழைய வண்டியைவிட ஒரு சாண் உயரம் என்றால், 20 கிலோ குலையை ஒவ்வொரு முறையும் அவ்வளவு கூடுதலாகத் தூக்க வேண்டும். மிச்சமான ஏழரையும் ஏற்றும்போதே கரைந்துவிடும்.

அடுத்து வழி. மரங்கள் 8.8 மீட்டர் முக்கோண நடவு என்றால், வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 7.6 மீட்டர், வரைபடத்தில் பார்த்தால் லாரியே போகும். தரையில் அப்படி இல்லை. ஒன்றுவிட்ட இடைவெளியில் மட்டை அடுக்கியிருக்கும். கடலோரத் தோட்டங்களில் வாய்க்காலைக் கடக்க ஒடுங்கிய பலகையோ சிமெண்டுக் கட்டையோ மட்டும் இருக்கும். ஒற்றைச் சக்கரம் அதில் ஏறிப் போய்விடும். இரண்டு சக்கர அச்சு போகாது. எல்லா வாய்க்காலையும் எண்ணி, ஒவ்வொரு பலகையின் அகலத்தையும் அளந்த பிறகுதான் சக்கர இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

மண்டோரிடம், அதாவது தோட்ட வேலையாட்களின் மேற்பார்வையாளரிடம், கேட்கும் விதமும் முக்கியம். «அண்ணே, இந்த வண்டி வசதியா இருக்குமா?» என்றால் மரியாதைக்காக «இருக்கும் தம்பி» என்பார். «அண்ணே, எந்தெந்த வரிசையில இந்த வண்டி போகவே போகாது?» என்று கேளுங்கள். விரல் நீட்டி இடத்தைக் காட்டுவார். அனுமானத்தை உறுதிப்படுத்தும் கேள்வியைவிட, அதை உடைக்கும் கேள்விக்கே பயன் அதிகம்.

முதல் வண்டி கச்சிதம், இரண்டாம் தொகுதியில் பாகம் சேரவில்லை

«ஒரு இஞ்சுக் குழாய்» என்று வரைபடத்தில் இருந்ததா? நீர்க்குழாயாக வாங்கினால் அதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ.; கட்டுமானக் குழாயாக வாங்கினால் 25.4. இரண்டுக்கும் கடையில் பெயர் ஒன்றுதான். வெளிவிட்டம், தடிமன் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஐந்து பாகம் வரிசையாகச் சேரும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மி.மீ. கூடலாம் குறையலாம் என்றால், மோசமான நிலையில் முனையில் இரண்டரை மி.மீ. பிசகும். அங்கே வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போடுங்கள், அல்லது பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் ஜிக் செய்து அதில் வைத்தே பற்ற வையுங்கள். வரைபடத்தின் திருத்த எழுத்தை, ஏ, பி, சி என்று, பாகத்தின் மேலேயே எழுத்துளியால் அடித்துவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகும் தெரியும். பழைய திருத்தப் பாகங்களை அலமாரியில் கலக்காதீர்கள்.

கணக்கு ஒன்று, அளவு வேறு

கணக்கைத் திருத்துவதற்கு முன் தராசைச் சோதியுங்கள். பிரிக்காத 50 கிலோ உர மூட்டையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு அலகு: கிலோ விசையும் நியூட்டனும் கலந்தால் 9.81 மடங்கு பிழை. இரண்டும் சரியென்றால் மட்டும் சூத்திரத்துக்குள் இருக்கும் அனுமானத்தைத் தேடுங்கள்.

«மூன்று வண்டி ஓட்டினோம், ஒன்றும் உடையவில்லை» என்று சொல்லி விற்பனைக்குப் போவது

இதை அறிகுறியாக யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் கவலை. மூன்றும் தப்பித்தால், 90 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, நூற்றில் 46 வண்டியாவது அந்தக் காலம் தாங்கும் என்பதுதான். நூற்றில் 90 தாங்கும் என்று அதே நம்பிக்கையோடு சொல்ல, 22 வண்டிகள் ஒன்றுகூட உடையாமல் ஓட வேண்டும். சிறு பட்டறைக்கு அது முடியாது. முடிந்தது இது: இருக்கிற மூன்றையும் சாதாரணப் பாரத்தில் ஓட்டாமல், 350 கிலோ ஏற்றி, குறுக்கே கட்டை போட்ட பாதையில் உடையும்வரை ஓட்டுங்கள். எங்கே முதலில் உடைகிறது, எத்தனையாவது சுற்றில் என்று குறியுங்கள். உடையாத சோதனை தருவதைவிட உடைந்த சோதனை தரும் தகவல் அதிகம்.

சுற்றுகளை எப்போது நிறுத்துவது என்பதையும் முதல் சுற்றுக்கு முன்பே எழுதுங்கள். பாதுகாப்பைத் தொடும் வரிகள் எல்லாம், அதாவது பிரேக், கவிழ்தல், செயின் மூடி, அளந்து உறுதிப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று திறந்திருந்தாலும் வண்டி வெளியே போகக் கூடாது. மற்ற வரிகளில், தவறானால் ஆகும் செலவு அடுத்த சுற்றின் செலவைவிடக் குறைவு என்றால் நிறுத்திவிடலாம்.

அப்போதும் சில அனுமானங்கள் மிச்சம் இருக்கும். அவற்றை வாங்குபவர் கண்ணில் படும்படி வையுங்கள்: அதிகபட்சச் சரிவு 10 டிகிரி, ஒடுங்கிய பாலத்தின் குறைந்தபட்ச அகலம், உரம் ஏற்றினால் அன்றே கழுவ வேண்டும். தமிழிலும் மலாயிலும், ஓட்டுநரின் பிடிக்கு நேர் கீழே, அலுமினியத் தகட்டில் பொறித்து ரிவெட் அடியுங்கள். ஸ்டிக்கர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.